மின்மினிகளும் பங்கீட்டரிசியும்

பல்கலைக்கழகத்தில் நான் மாணவனாயிருந்த காலத்திலே, விடுதி அறையொன்றில் ஒன்பதுபேர் நெருக்கியடித்துக்கொண்டு, நண்பரொருவர் கொழும்பிலிருந்து கொணர்ந்த இறுவட்டிலே ஒரு யப்பானியப் படத்தைப் பார்த்தோம். படம் தொடங்கியபோது சிலர் சிரித்தனர். சிறுவர் பார்க்கும் சித்திரப்படத்துக்கா இத்துணை ஆரவாரத்துடன் அழைத்தாய் என்று நண்பரைக் கடிந்தனர். சிறிது நேரத்தில் திரையிலே விமானங்களின் இரைச்சல் எழுந்தது. சிரிப்பு நின்றது. எங்களிற் பெரும்பாலானோர் பொம்மரின் இரைச்சலை நேரிற் கேட்டு, பதுங்குகுழிக்குள் இருந்து வளர்ந்தவர்கள். எண்பத்தொன்பது நிமிடங்களின் பின்னர் படம் முடிந்தபோது மின்குமிழைப் போடுவதற்கு எவரும் எழவில்லை. ஒருவர் கண்ணை மற்றவர் காண விரும்பாமையே அதற்குக் காரணம்.

அப்படம் 'மின்மினிகளின் கல்லறை'. அக்கியுக்கி நொசாக்கா 1967 இல் எழுதிய சிறுகதையைத் தழுவி, இசாவோ தக்காஹாத்தா என்னும் நெறியாளர் ஆக்கியது. 1988 ஏப்பிரில் 16 அன்று யப்பானியப் படமாளிகைகளுக்கு வந்தது. 'அனிமே' என்று இன்று உலகெங்கும் வழங்கும் யப்பானியச் சித்திரப்படங்களின்மீது எனக்குண்டான பற்று அன்றிரவு தோன்றியதே. அதன்பின் எத்தனையோ பார்த்தேன். எனினும், எனக்கு மிக விருப்பமான படம் எதுவென்று எவர் கேட்டாலும் இதன் பெயரையே சொல்லிவந்த நான், இருபது ஆண்டுகளாக இதை மறுபடி பார்க்கவில்லை. சென்ற ஆண்டிலேதான் அதற்குத் துணிவு வந்தது. அப்போது எனக்கு நேர்ந்ததையும், அது என்னைக் கொண்டுசென்ற சரித்திரத்தையும் இங்கு எழுதுகிறேன்.

கதையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 1945 யூன் 5. கோபே நகரத்தின்மீது அமெரிக்க விமானங்கள் தீக்குண்டுகளைப் பொழிகின்றன. கடற்படை அதிகாரியொருவரின் மகனான பதினான்கு வயதுச் செய்த்தா, நான்கு வயதுத் தங்கை செத்சுக்கோவை முதுகிற் சுமந்து தப்புகிறான். தாய் எரிகாயங்களால் இறக்கிறாள். பிள்ளைகள் அயலூரான நிஷினோமியாவிலே தூரத்து உறவினளான ஒரு விதவையின் வீட்டிற் புகலடைகின்றனர். அவள் முதலில் ஏற்கிறாள், பின்னர் முணுமுணுக்கிறாள், தாயின் உடைகளை அரிசிக்கு மாற்றி அதில் ஒரு பங்கைத் தன் குடும்பத்துக்கு எடுக்கிறாள், வேலைக்குப் போகும் தன் மகளுக்கும் வீட்டில் தங்கியிருப்பவனுக்கும் சோற்றையும், இப்பிள்ளைகளுக்குக் கஞ்சியையும் ஊற்றுகிறாள். பொறுக்கமாட்டாத செய்த்தா தங்கையை அழைத்துக்கொண்டு குளக்கரையிலுள்ள குகைப் பதுங்கிடமொன்றிற் குடியேறுகிறான். யுத்தம் முடிந்த சில நாட்களில் செத்சுக்கோ பட்டினியால் இறக்கிறாள். செப்டெம்பர் 21 இரவு, சன்னோமியா ரெயில்நிலையத்துத் தூணடியில் செய்த்தாவும் இறக்கிறான். படம் இம்மரணத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆகவே எவர் பிழைப்பார் என்ற எதிர்பார்ப்புக்கு அதில் இடமேயில்லை.

இளமையிலே எங்களுடைய கோபம் முழுவதும் அந்த மாமிமீதே பாய்ந்தது. குண்டுபோட்ட விமானியின் முகத்தைப் படம் காட்டவில்லை. யுத்தத்தைத் தொடக்கிய பிரபுக்களையும் படைத்தலைவர்களையும் காட்டவில்லை. காட்டப்பட்ட முகம் அகப்பையோடு நின்ற அவளுடையதே. பானையின் மேலிருந்த தண்ணீரைப் பிள்ளைகளுக்கும் அடியிலிருந்த சோற்றைத் தன்னவர்க்கும் அள்ளும் அந்தக் கை எங்கள் நினைவை விட்டு அகலவில்லை. விடுதியிலே குழம்பை அளந்து ஊற்றிய ஒருவருக்கு 'நிஷினோமியா மாமி' என்று பட்டமே சூட்டிவிட்டோம். அவர் அதன் பொருளை அறியாமலே ஓய்வுபெற்றார்.

இம்முறை பார்த்தபோது நான் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. படத்தின் நடுப்பகுதியிலே என் மனம் அவள் பக்கம் சாய்ந்துவிட்டதைக் கண்டேன். அவள் சொல்வதிற் பிழையென்ன? வீட்டிலே உழைப்போர் இருவர். வந்தவர்களில் ஒருவன் பதினான்கு வயது நிரம்பிய திடகாத்திரமான பையன். தொழிற்சாலை எரிந்தது, பள்ளி எரிந்தது என்று சொல்லிக்கொண்டு பகல் முழுவதும் படுத்திருக்கிறான். அயலிலே அவன் வயதினர் தீயணைக்க ஓடுகின்றனர், அவன் ஓடவில்லை. உண்ட கோப்பையைக் கழுவவில்லை. தாய் வங்கியிலே 7,000 யென் விட்டுச்சென்றாள் என்று தெரிந்ததும், தனி அடுப்பு வாங்கித் தனிச் சமையல் தொடங்குகிறான். தங்கை மெலிகிறாள், சொறி பிடிக்கிறது, வயிற்றோட்டம் நிற்கவில்லை. அவனோ தன்மானத்தை விட்டு மாமியிடம் திரும்பிப்போக மறுக்கிறான். பிள்ளை பெற்று, கடன்பட்டு, மாதக்கடைசியை எண்ணி வாழ்ந்த ஒருவனின் கண்ணுக்கு இவையெல்லாம் இப்போது தெரிந்தன. குழந்தையைக் கொன்றது அண்ணனின் செருக்கு என்று எனக்குள் ஒரு தீர்ப்பும் உருவாகிவிட்டது. முதிர்ச்சி என்பது இதுதானாக்கும் என்று எண்ணிச் சற்றே திருப்தியும் அடைந்தேன்.

அந்தத் திருப்தி நெடுநேரம் நிலைக்கவில்லை. அகப்பை மீண்டும் திரையில் வந்தபோது, 2022 ஆம் ஆண்டின் ஓர் இரவு என் நினைவுக்கு வந்தது.

அவ்வாண்டு இந்நாட்டிலே எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றதை வாசகர் மறந்திரார். அக்காலத்தில் என் தமக்கையின் மகன் எங்கள் வீட்டிலே தங்கியிருந்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த பையன். அவனுடைய வீட்டிலே நிலைமை இன்னும் மோசம் என்பதால் வந்தவன். நான் காலை நான்கு மணிக்கு வரிசைக்குப் போய், பின்னர் பள்ளிக்கூடத்துக்குப் போய், இரவிலே களைத்து வந்து அமர்ந்தேன். அவன் சுவரோடு சாய்ந்து ஏதோ வாசித்துக்கொண்டிருந்தான். சோறு குறைவாயிருந்தது. "வேலைக்குப் போறவைக்கு முதல்லை போடும்" என்று மனைவியிடம் சொன்னேன். உரக்கவும் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. அவன் தலைநிமிராமல் இருந்தான். மறுநாட் காலை, "மாமா, நான் வீட்டை போறன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். நில் என்று நான் சொல்லவில்லை. படத்திலே பிள்ளைகள் வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டு புறப்படும்போது அந்த மாமியும் வாசலில் நின்று பார்க்கிறாள். நில் என்று சொல்லவில்லை.

நெறியாளர் தக்காஹாத்தாவுக்கு இது தெரிந்திருந்தது. படம் வெளிவந்த நாட்களிலேயே, 'அனிமேஜ்' சஞ்சிகையின் 1988 மே இதழில், அவர் இதைப்பற்றிக் கூறியிருக்கிறார். செய்த்தாவின் போக்கு 1945 இன் சிறுவனைக் காட்டிலும் செழிப்புக்காலத்து இளைஞனின் போக்கையே ஒத்தது என்றும், விருப்பமில்லாத மனித உறவுகளை வெட்டிக்கொண்டு தனக்கென ஓர் உலகத்தைச் செய்துகொள்பவன் அவன் என்றும் அவர் கருதினார். ஆகவே அன்றைய பார்வையாளர் அவன்மீது எளிதில் இரக்கங்கொள்வர். ஆயின், காலம் மறுபடி திரும்பினால், அந்த இரக்கம் நிலைக்குமா? ஒருவேளை நாமெல்லாரும் அந்த விதவையைக் காட்டிலும் கடுமையாகச் செய்த்தாவைக் குற்றஞ்சாட்டுவோமோ? அதை எண்ணத் தமக்கு அச்சமாயிருக்கிறது என்பது அவர் கூற்றின் சாரம். முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னர் இவ்வூரில் ஓர் ஆசிரியன் படுத்திருந்த பையனைக் குற்றஞ்சாட்டிக்கொண்டு அப்படத்தைப் பார்ப்பான் என்று அவர் அறிந்திருக்க நியாயமில்லை. யப்பானிலேயே அது நடந்துவிட்டது. செய்த்தாவே குற்றவாளி, மாமி சொன்னதே நியாயம் என்று பேசும் பார்வையாளர் இன்று அங்கே பலர்.

எனவே மாமியின் நியாயம் எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்தல் வேண்டும். அவள் பேசும் மொழி அவளுடைய சொந்த மொழியன்று.

1938 இல் யப்பானிய அரசாங்கம் தேசிய அணிதிரட்டற் சட்டத்தை இயற்றி, மனிதரையும் பொருளையும் யுத்தத்தின் தேவைக்குக் கட்டளையிடும் அதிகாரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1940 செப்டெம்பரில் உள்நாட்டமைச்சின் உத்தரவால் நாடெங்கும் 'தொனாரிகுமி' எனப்படும் அயற்குழுக்கள் அமைக்கப்பட்டன. ஏறத்தாழப் பத்து வீடுகளுக்கு ஒரு குழு. தீயணைக்கும் பயிற்சி, யுத்தக்கடன் பத்திர விற்பனை, போருக்குப் போவோரை வழியனுப்புதல் ஆகிய யாவும் அதன்வழி. உணவுப் பங்கீடும் அதன்வழி வந்தமையே இங்கு முக்கியமானது. அயலான் அயலானைக் கண்காணித்தான். கண்காணிப்புக்குப் பணிந்தவனின் வீட்டுக்கே அரிசி வந்தது. பொலிசாரைக் காட்டிலும் மலிவான ஏற்பாடு.

அரிசிப் பங்கீடு 1941 ஏப்பிரிலில் கோபே உட்பட ஆறு பெருநகரங்களிலே தொடங்கியது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 330 கிராம் என்பது அளவு. பிற வியஞ்சனங்கள் குறைந்த உணவிலே இது போதுமானதன்று. கடின உழைப்பாளிக்குச் சற்றுக் கூடுதலாக வழங்கப்பட்டது. யுத்தம் முற்றியபோது அரிசியென்ற பெயரில் சோயாவும் வற்றாளையும் கலந்துவந்தன. 1945 யூலையில், அதாவது செய்த்தாவும் செத்சுக்கோவும் குகையிலே இருந்த நாட்களில், அளவு 300 கிராமாகக் குறைக்கப்பட்டது. சங்கக்கடையில் கூப்பன் கொடுத்து அரிசி வாங்கிய நம் மூத்தோர் இந்தக் கணக்கை எளிதில் விளங்கிக்கொள்வர். ஓர் அகப்பை யாருக்கு என்பது வீட்டுப் பெண்ணின் குணத்தால் முடிவாவதில்லை. அகப்பை பானைக்குள் இறங்குமுன்னரே பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. உழைப்பவனுக்கு மிகுதி, உழையாதவனுக்குக் குறைவு என்ற விதியை அவள் அரசாங்கத்திடமிருந்து கற்றாள். நாட்டுக்காக வேலைசெய்வோரும் நீயும் ஒன்றா என்று அவள் நான்கு வயதுக் குழந்தையிடம் கேட்கும்போது, அந்தப் பிரசாரமே அவள் வாயால் வருகிறது.

படத்திலே இதை விளங்கவைக்கும் சிறிய காட்சியொன்றுண்டு; இளமையில் நான் அதைக் கவனிக்கவேயில்லை. உணவு கேட்டு வரும் செய்த்தாவிடம் ஒரு விவசாயி, இப்போது எல்லாமே பங்கீடு, அயற்குழுவில் இல்லாமல் வாழமுடியாது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டுக்கே திரும்பிப்போ என்று சொல்கிறார். கெட்டவரல்லர், உள்ளதைச் சொன்னார். குகைக்குக் குடிபோன அன்றே அப்பிள்ளைகள் பங்கீட்டுப் பட்டியலிலிருந்தும் வெளியேறிவிட்டனர். பட்டியலில் இல்லாத வாய் அரசாங்கத்துக்கு வாயே அன்று.

செய்த்தாவின் சோம்பல் என்று நான் எண்ணியதையும் மறுபடி பார்க்கவேண்டியிருக்கிறது. 1944 முதல் இடைநிலைப் பள்ளி மாணவர் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். 1945 ஏப்பிரில் முதல் ஆரம்பப் பள்ளிக்கு மேற்பட்ட வகுப்புகள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டன. செய்த்தாவும் ஆலைக்கு அனுப்பப்பட்ட மாணவனே. அவனை மாணவன் என்ற நிலையிலிருந்து எடுத்துத் தொழிலாளியாக்கிய அரசாங்கம், ஆலை எரிந்ததும் அவனை மறந்தது. தாய் எரிந்த உடலாகக் கிடந்ததைத் தனியே கண்டு, அதைத் தங்கையிடம் மறைத்துவைத்திருக்கும் பதினான்கு வயதுப் பையன் பகலிலே படுத்திருந்தால் அதைச் சோம்பல் என்று சொல்லும் நாக்கு எப்படிப்பட்டது? என் நாக்கையே கேட்கிறேன்.

ஆனால் அவனையும் வெள்ளைத் துணியாக விரித்துவிடலாகாது. அவன் கடற்படை அதிகாரியின் மகன். வீடு எரிந்த பின்னர் அவன் மண்ணிலிருந்து தோண்டியெடுத்துக் கொண்டுவரும் புதையலிலே அரிசியும் வெண்ணெயும் உலர்ந்த மீனும் இருக்கின்றன. அதைக் கண்ட மாமி, படையினர் குடும்பங்களுக்கு மட்டும் எல்லாம் கிடைக்கிறது என்று குத்தலாகச் சொல்கிறாள். பங்கீட்டு அட்டை எல்லாருக்கும் பொதுவாயிருந்த நாட்டிலே சீருடைக்கு வேறு களஞ்சியம் இருந்தது என்பதை அந்த ஒரு வசனம் வெளிப்படுத்துகிறது. ஒரு வர்க்கக் கோபம் அதில் உண்டு. பாய வேண்டிய இடத்தை அடையமுடியாமல் அது இரண்டு அனாதைகள்மீது பாய்கிறது. செய்த்தாவோ இறுதிவரை தந்தையின் கப்பற்படையிலேயே நம்பிக்கை வைத்திருக்கிறான். 'மாயா' என்ற போர்க்கப்பலில் தந்தை நின்றதையும், கப்பல்கள் அணிவகுத்து நின்ற இரவையும் தங்கைக்குச் சொல்லி, இருட்டிலே கை உயர்த்திப் பாடுகிறான். மின்மினிகள் கப்பல் விளக்குகளாகின்றன. மாயா 1944 ஒக்டோபர் 23 அன்றே அமெரிக்க நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. மக்களுக்கு அது சொல்லப்படவில்லை. யுத்தம் முடிந்தபின் வங்கிக்குப் போகும் செய்த்தா அங்கேதான் கடற்படை முழுவதும் அழிந்ததை அறிகிறான்.

அந்தக் கப்பற்படையைப் பற்றி நாமும் ஒன்று சொல்லவேண்டியவர்களே. 1942 ஏப்பிரில் 5 அன்று கொழும்பிலும் 9 அன்று திருகோணமலையிலும் குண்டு வீசியது அதுவே. 'ஹேர்மீஸ்' கப்பல் மட்டக்களப்புக் கடலிலே மூழ்கியது அந்த நாளில். பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்தபோது பர்மா அரிசி நின்று, இலங்கையிற் பங்கீடு வந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச்செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம்–பர்மா ரெயில்பாதையிலே பட்டினியாலும் கொலராவாலும் மாண்டனர். வடவியட்நாமில் 1944–45 இல் பஞ்சம் வந்தது. நெல்லை யப்பானியர் பறித்தமையும், நெல் விளைந்த நிலத்திற் சணல் பயிரிடச்செய்தமையும் அதற்கான காரணங்களிற் சில. இறந்தோர் இருபது இலட்சத்துக்கு மேல் என்று 1945 செப்டெம்பர் 2 இன் வியட்நாமிய சுதந்திரப் பிரகடனம் கூறியது. கொரியாவிலே விளைந்த அரிசி யப்பானுக்குக் கப்பலேற, கொரியர் தினை தின்றனர். செத்சுக்கோ பசியால் இறந்த ஆண்டு இது. இவற்றுள் எதனையும் படம் காட்டவில்லை. இளமையில் எனக்கு இது குறையாகவே தோன்றியதில்லை, இப்போது தோன்றுகிறது. அதேவேளை, காட்டாததால் படம் பொய்யென்று சொல்லவும் எனக்கு மனமில்லை. பேரரசு தன் அரிசியைக் கடல்கடந்து பறித்துத் தின்று பழகியபடியாலேதான், 1945 மார்ச்சு முதல் அமெரிக்க விமானங்கள் துறைமுகங்களிலும் நீரிணைகளிலும் கண்ணிகளை விதைத்துக் கப்பல் வழியை அடைத்தபோது, பானை இத்துணை விரைவில் வற்றியது. அந்த நடவடிக்கைக்கு அமெரிக்கர் இட்ட பெயரே 'பட்டினி நடவடிக்கை' என்பதாகும். ஒரு பக்கத்துப் பேரரசு கொள்ளையடித்தது. மறுபக்கத்துப் பேரரசு பட்டினியை ஆயுதமாக்கிப் பெயரும் சூட்டிக்கொண்டது. கோபேயில் மட்டும் குண்டுவீச்சிலே ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இன்னொரு சட்டத்தையும் சொல்லாமல் விடுதல் தகாது. 1937 இல் இயற்றப்பட்ட வான்தாக்குதற் காப்புச் சட்டம் 1941 இல் திருத்தப்பட்டபோது, நகரத்தை விட்டு வெளியேறுவதைத் தடுக்கும் அதிகாரமும், குண்டு விழுந்தால் நின்று தீயை அணைக்கும் கடமையும் அதிலே சேர்க்கப்பட்டன, மீறினால் தண்டனை. வாளியும் ஈரத்துணியும் கொண்டு தீக்குண்டை எதிர்க்கும்படி மக்கள் பழக்கப்பட்டனர். உன் வயதினர் தீயணைக்கிறார்கள், நீ ஓடுகிறாய் என்று மாமி செய்த்தாவைக் கண்டிக்கும்போது அவள் சட்டத்தின் பக்கம் நிற்கிறாள். குழந்தையைச் சுமந்து ஓடும் செய்த்தாவோ உயிரின் பக்கம் நிற்கிறான். நான் மாமியோடு நின்றபோது எங்கே நின்றேன் என்பதை இதிலிருந்து உணர்ந்தேன்.

கதாசிரியர் நொசாக்கா இவ்விருவரையும் தம்முள்ளேயே கொண்டிருந்தார். அவரும் 1945 இற் பதினான்கு வயதினர். கோபேயிலே வளர்ப்புத் தந்தையைக் குண்டுவீச்சிற் பறிகொடுத்தார். வளர்ப்புத் தங்கையோ ஒன்றரை வயதும் நிரம்பாத குழந்தை. அவ்வாண்டு ஓகஸ்டில் ஃபுக்குயியிலே பட்டினியால் இறந்தாள். கதையிலே வரும் அண்ணன் அன்பே உருவானவன். தாம் அப்படியிருக்கவில்லை என்று நொசாக்கா பின்னாளில் ஒளிக்காமல் எழுதினார். குழந்தைக்கென வைத்த உணவைத் தாமே தின்றதையும், அழுகையை நிறுத்தத் தலையில் அடித்ததையும் அவர் சொல்லியிருக்கிறார். செய்த்தாவை அவ்வளவு நல்லவனாக எழுதியது தங்கைக்குச் செய்த மன்னிப்புக் கோரிக்கை. இந்தக் கதைக்கும் இன்னொரு கதைக்குமாக நவோக்கிப் பரிசு கிடைத்தது. பசியுள்ள வீட்டிலே அகப்பையைப் பிடித்த கை மாமியுடையதாக மட்டும் இருப்பதில்லை என்பது அவருக்கு எவரிலும் நன்றாகத் தெரியும்.

தக்காஹாத்தாவும் வெளியிலிருந்து பார்த்தவரல்லர். 1945 யூன் 29 அன்று ஒக்காயாமா நகரம் எரிந்தபோது, ஒன்பது வயதுச் சிறுவனாகத் தமக்கையுடன் படுக்கை உடையிலே வெறுங்காலோடு ஓடியவர். பிற்காலத்தில் அவர் தோயே சித்திரப்படக் கூடத்திலே தொழிற்சங்கத்தின் முன்னணியில் நின்றார்; அந்தத் தோழமையிலிருந்து பிறந்ததே 1968 இல் வந்த அவருடைய முதற் படம். முதுமையில், யுத்தத்தைத் துறக்கும் யப்பானிய அரசியல் யாப்பின் 9 ஆம் உறுப்பைக் காக்கும் இயக்கத்திற் பங்குகொண்டார். அப்படிப்பட்டவர், 'மின்மினிகளின் கல்லறை' யுத்த எதிர்ப்புப் படமென்று போற்றப்பட்டபோதெல்லாம் அதை மறுத்தார். யுத்தத்தின் துயரத்தைக் காட்டுவதால் மட்டும் யுத்தம் தடைப்படாது. அத்துயரம் நமக்கு வராதிருக்கவே படை திரட்டுகிறோம் என்று சொல்லி அடுத்த யுத்தத்தைத் தொடக்குவோர் வருவர் என்பது அவர் வாதம். விடுதி அறையில் விளக்கைப் போடாமல் அழுதிருந்த நாங்கள் அன்று இதைக் கேட்டிருந்தால் சினந்திருப்போம். அவர் 2018 இல் காலமானார்.

யுத்தம் முடிந்ததும் அனாதைகளுக்கு என்ன நடந்தது? 1945 செப்டெம்பர் 20 அன்று அரசாங்கம் யுத்த அனாதைகளைப் பாதுகாக்கும் திட்டமொன்றைத் தீர்மானித்தது. அதற்கு மறுநாள் இரவைத்தான் செய்த்தாவின் மரணத்துக்கு நொசாக்கா தெரிந்தெடுத்தார். 1948 பெப்ருவரியில் யப்பானிய நலத்துறை எடுத்த கணக்கில் அனாதைகள் 1,23,511 பேர். இவர்களிலே விடுதிகளில் இருந்தோர் 12,202; தாமாகவே பிழைத்தோர் 4,201; உறவினர் வீடுகளில் இருந்தோர் 1,07,108. இந்த மூன்றாவது எண்ணை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்தேன். ஓர் இலட்சத்து ஏழாயிரம் பிள்ளைகள் அகப்பை பிடித்த மாமிமாரின் வீடுகளில் இருந்தனர். அரசாங்கம் தான் தொடக்கிய யுத்தத்தின் அனாதைகளை, அந்த யுத்தத்தாலேயே பானை வற்றிய வீடுகளுக்குள் தள்ளிவிட்டுக் கணக்கை மூடிக்கொண்டது. அந்த வீடுகள் சிலவற்றில் அன்பு இருந்திருக்கும். பலவற்றிற் கஞ்சி இருந்திருக்கும். செய்த்தாவா மாமியா என்று நாம் வழக்காடும் வரையில் அரசாங்கம் சாட்சிக் கூட்டிலும் ஏறவேண்டியதில்லை, குற்றவாளிக் கூட்டிலும் ஏறவேண்டியதில்லை.

வழக்கென்றதும் உண்மை வழக்கொன்றும் நினைவுக்கு வருகிறது. 1952 இல் யப்பானிலே படையினர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் உதவியளிக்கும் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டிலே படையதிகாரிகளின் ஓய்வூதியமும் மீண்டது. யப்பானுக்காகப் போரிடவைக்கப்பட்ட கொரியரும் தைவானியரும் பிரசாவுரிமை இல்லையென்று விலக்கப்பட்டனர். குண்டுவீச்சில் எரிந்த பொதுசனத்துக்கோ எதுவுமில்லை. செத்சுக்கோ உயிரோடிருந்திருந்தால் அப்போது பதினொரு வயது. கடற்படை அதிகாரியின் அனாதை என்ற முறையில் அவளுக்கு உதவி கிடைத்திருக்கும். எரிந்து இறந்த தாயின் பேரில் ஒரு யென்னும் கிடைத்திராது. நிஷினோமியா மாமி அன்று சொன்ன குத்தல் வார்த்தை சட்டப் புத்தகத்திலே ஏறிவிட்டது. நகோயா நகரக் குண்டுவீச்சிற் காயமுற்ற பெண்கள் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தனர். யுத்தச் சேதத்தை நாட்டு மக்கள் யாவரும் சமமாகப் பொறுத்துக்கொள்ளல் வேண்டும் என்று 1987 யூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சமமாக! படம் வெளிவருவதற்குப் பத்து மாதங்களுக்கு முன்னர் அளிக்கப்பட்ட தீர்ப்பு இது. ரோக்கியோ, ஒசாக்கா மக்களின் வழக்குகளும் 2013 இலும் 2014 இலும் அவ்வாறே தள்ளப்பட்டன.

படத்தின் கடைசிக் காட்சியை இளமையில் நான் ஆறுதலாகவே எடுத்துக்கொண்டேன். இறந்த இரு பிள்ளைகளும் மலையிலே ஒரு வாங்கில் அமர்ந்திருக்கின்றனர். தங்கை அண்ணன் மடியிலே தலைவைத்துத் தூங்குகிறாள். மின்மினிகள் பறக்கின்றன. பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள் என்று எண்ணினேன். இம்முறை, அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் கவனித்தேன். கீழே தெரிவது 1945 இன் சாம்பலன்று. உயர்ந்த கட்டடங்களும் ஆயிரம் மின்விளக்குகளுமாக ஒளிரும் இன்றைய கோபே. அண்ணன் தூங்கவில்லை. அந்த விளக்குகளுள் ஒவ்வொன்றின் கீழும் ஒரு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் இரவுச் சாப்பாட்டு நேரம்.

அன்றிரவே தமக்கை மகனுக்குக் கடிதம் எழுதினேன். அவன் இப்போது கொழும்பில் வேலைசெய்கிறான். படத்தைப்பற்றி நான் எதுவும் எழுதவில்லை. அடுத்தமுறை ஊருக்கு வரும்போது எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்படி மட்டும் எழுதினேன். இரண்டு மாதங்களாகிவிட்டன. பதில் இன்னும் வரவில்லை.